பம்ப் பிரேக்கர் யாரைக் காப்பாத்துது?

இன்னிக்கு ஒரு சின்னக் கணக்கு. அபார்ட்மென்ட் நீச்சல்குளத்துல 1.5 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் பம்ப் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. என்ன வயர், என்ன பிரேக்கர் போடணும்?

1 ஹெச்பி 746 வாட். அப்போ 1.5 ஹெச்பி 1,119 வாட். 230 வோல்ட்டால வகுத்தா 5 ஆம்பியர்கூட வரல. 6 ஆம்பியர் எம்சிபி போதும்னு தோணும். ஆனா 1,119 வாட்ங்கிறது மோட்டார் வெளியே தர்ற சக்தி. எஃபிஷியன்சி 75 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.85-னு எடுத்தா, உள்ளே இழுக்கிறது சுமார் 7.6 ஆம்பியர். நேம்பிளேட்ல ஆம்பியர் போட்டிருந்தா அதையே எடுத்துக்கோங்க.

மணிக்கணக்கா ஓடுற மோட்டார். அதனால 25 சதவீதம் கூட்டி, 9.5 ஆம்பியருக்கு வயர் பார்க்கணும். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் தாராளம். தூரம் ரொம்ப அதிகம்னா 4. ஸ்டார்ட் ஆகுறப்போ 5, 6 மடங்கு கரண்ட் இழுக்கும். அதுக்காகத்தான் 16 ஆம்பியர் ‘சி’ கர்வ் எம்சிபி. மோட்டார் சூடாகிக் கருகாம இருக்க ஓவர்லோட் ரிலே தனி.

ஆனா எம்சிபி காப்பாத்துறது வயரை. குளத்துல இறங்குறவங்களை இல்ல. 100 மில்லி ஆம்பியர் உடம்புல பாய்ஞ்சாலே உயிர் போகலாம். 16 ஆம்பியர்னா 16,000 மில்லி ஆம்பியர். அந்தக் கசிவு எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. அதைப் பிடிக்கிறது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கூடவே ஒழுங்கான எர்த்திங்.

மழைக்காலத்துல அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு ஆர்சிசிபியை பைபாஸ் பண்றவங்க இருக்காங்க. வேண்டாம். பெரும்பாலும் எங்கேயோ கசியுதுன்னுதான் அர்த்தம்; எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைக் கண்டுபிடிக்கணும்.

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நம்ம பம்ப் ஆர்சிசிபியோட டெஸ்ட் பட்டனை கடைசியா எப்போ அழுத்திப் பார்த்தீங்க?