கம்பும் நானும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"தொழிற்சாலை அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்றுதான் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "ஒன்பது மாதமாகச் சிலம்பம் கற்கிறேன், அதைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசு. ஆனால் மேடையில் சுற்றிக் காட்டாதே" என்றார். கம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

நான் சிலம்பத்தில் இறங்கியதற்குக் காரணம் வீரம் இல்லை, பயம். எனக்கு வயது 36. சென்ற வருடம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். என் அப்பாவும் அதே வாசற்படியில் நின்றவர்தான். "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தாண்டிப் போனார். 58 வயதில் எங்களை விட்டே போய்விட்டார்.

நடைப்பயிற்சி ஆரம்பித்தேன்; மூன்றாம் நாளே அலுத்துவிட்டது. எங்கள் தெருக்கோடித் திடலில் தினமும் காலை ஆறு மணிக்குச் சின்னப் பிள்ளைகள் கம்பு சுற்றுவார்கள். ஒருநாள் தயங்கித் தயங்கி ஆசானிடம் போய் நின்றேன். அறுபது வயதைத் தாண்டியவர். என் தொப்பையை ஒருமுறை பார்த்தார். "வாங்க தம்பி, மண்ணைத் தொட்டுக் கும்பிடுங்க" என்றார். அவ்வளவுதான் அட்மிஷன்.

கம்பு நம் நெற்றி உயரம் இருக்கும். முதல் வாரம் அதை இறுக்கிப் பிடித்துச் சுற்றியதில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "கம்பைப் பிடிங்க தம்பி, நெரிக்காதீங்க" என்பார் ஆசான். என் பக்கத்தில் நிற்கும் சீனியருக்கு வயது ஒன்பது. "அங்கிள், கம்பைப் பார்க்காதீங்க, முன்னாடி பாருங்க" என்று அந்தப் பாப்பா தினமும் திருத்துவாள். காலேஜில் ஒரு சீனியருக்கும் பயப்படாத நான் அவளுக்குப் பயந்தேன்.

நடுவில் பிடித்துச் சுற்றுவது ஒருவழியாகக் கைவந்ததும், நுனிப் பக்கம் பிடித்து வீசச் சொன்னார். கம்பு திடீரென்று கனத்துவிட்டது. அன்றைக்குத்தான் இரண்டாம் வருடப் பாடம் ஞாபகம் வந்தது. அதே கம்புதான், ஆனால் நடுவை மையமாக வைத்துச் சுற்றுவதைவிட நுனியை மையமாக வைத்துச் சுற்றும்போது மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியா நான்கு மடங்கு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். புரிந்தது என்னவோ பதினைந்து வருடம் கழித்து, முழங்கையில்தான்!

மூன்றாம் மாதம் அந்த முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. காப்பி டம்ளரைத் தூக்கினால் சுருக்கென்று இழுக்கும். சொன்னால் சின்னப் பிள்ளைகள் முன்னால் கேவலம் என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் போய் வந்தேன். ஒருநாள் வீசும்போது பிடி நழுவியது. கம்பு பறந்துபோய் ஒரு சிறுவனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

திடலே அமைதியாகிவிட்டது. ஆசான் கத்தவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தார். "வலிக்குதுன்னு சொல்றது தப்பில்லை தம்பி. மறைச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. அந்தப் பையன் மேல பட்டிருந்தா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

டாக்டர், "டென்னிஸ் எல்போ" என்றார். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை! தசை சீக்கிரம் பலப்பட்டுவிடும். அதை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் பலப்படும், அதற்குள் அவசரப்பட்டால் இப்படித்தான் என்று விளக்கினார். ஆறு வாரம் கம்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார் ஆசான். வெறும் காலடி மட்டும். முட்டியை மடித்து, தாழ நின்று, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் காலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொடை எரியும், மாடிப்படியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். ஆனால் ஆறு வாரம் கழித்துக் கம்பைத் தொட்டபோது அது லேசாக இருந்தது. அதுவரை நான் கையால் மட்டும் சுற்றியிருக்கிறேன். வீச்சுக்கு வேகம் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது.

நம் பேராசிரியர் இதே கட்டடத்தில் "ஃபெட்டீக்" பாடம் நடத்தினார். தாங்கக்கூடிய பாரமே ஆனாலும், திரும்பத் திரும்ப விழுந்தால் ஒருநாள் இரும்பில் விரிசல் விடும் என்றார். விரிசல் விட்ட இரும்பு தானாகச் சேராது. உடம்பு சேரும், ஆனால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒரு பம்ப் கொஞ்சம் அதிர்ந்தாலே நிறுத்திப் பார்க்கும் நான், என் கைக்கு அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை.

தம்பி தங்கைகளே, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. உங்களுக்கு முன் நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கம்பானாலும் படிப்பானாலும், வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மறைக்கிற வலி நம்மை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரையும் தாக்கும்.

நண்பர்களே, போன மாதம் என் சர்க்கரை அளவு 5.9. இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறேன். ஆனால் அப்பா நின்ற பக்கம் பார்த்து அல்ல, வெளியே பார்த்து நிற்கிறேன். இடது கை இன்னும் தடுமாறுகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த ஒன்பது வயது சீனியர் காத்திருப்பாள். அதனால் இன்று இரவே பஸ் ஏற வேண்டும்.