எங்கே தோண்டக் கூடாது?



பழைய குண்டு பல்புக்குள்ளே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்குமே, அது டங்ஸ்டன். அது உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். வேறெந்த உலோகத்துக்கும் இவ்வளவு தேவையில்லை. குண்டு பல்பு போய்விட்டது. ஆனால் எஃகை அறுக்கவும் பாறையைத் துளைக்கவும் ராணுவத் தளவாடம் செய்யவும் டங்ஸ்டன் இன்றும் வேண்டும். உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2023-இல் நம் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

மறு வருஷமே மதுரை மேலூர் பக்கம் ஒரு டங்ஸ்டன் வட்டாரம் ஏலம் போனது. அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது! 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. குன்றுகளில் வல்லூறுகள், சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில், கீழே ஏரியும் வயலும். ஊரார் திரண்டார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

அப்படியானால் கனிமமே வேண்டாமா? வேண்டும். தேய்ந்துபோன வெட்டுக் கருவிகளிலிருந்து டங்ஸ்டனை மீட்டெடுக்கலாம். அதை முதலில் செய்வோம். தோண்டித்தான் ஆகவேண்டும் என்றால், எங்கே தோண்டக் கூடாது என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்கவேண்டும். கிராம சபையைக் கேட்கவேண்டும். ஏலம் அதற்குப் பிறகுதான். குடியிருப்பவரைக் கேட்காமல் வீட்டை விலை பேசினால், சண்டை வாசலில்தான் முடியும்.

கனிமம் வேறு இடத்திலும் கிடைக்கும், அரிட்டாபட்டி ஒன்றுதான்.