உராய்வுக்கு முந்தைய நேரம்



கருத்தரங்கில் தலைமை உரை என்றால் அமைப்பாளர்களை வாழ்த்தி, கட்டுரையாளர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். வாழ்த்து உண்டு. வழிவிடுவதற்கு முன் ஒரு வழக்கும் உண்டு. கட்டுரைச் சுருக்கங்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள்; எல்லாவற்றையும் படித்தேன். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலை விபத்துகளைப் பற்றிய சுருக்கங்களில் இரண்டு சொற்கள் விடாமல் வருகின்றன: உராய்வு, அலட்சியம். மருந்தில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது, தொழிலாளியின் அலட்சியமே காரணம். முதல் தகவல் அறிக்கை இதைத்தான் சொல்கிறது, மறுநாள் செய்தித்தாளும் இதைத்தான் சொல்கிறது. ஆலைகளை ஆய்வு செய்யும் அதிகாரியாக இருந்த காலத்தில் நானும் இதே இரண்டு சொற்களை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றின் சௌகரியம் எனக்குத் தெரியும். எழுதிய அன்றே கோப்பைக் கட்டி வைத்துவிடலாம்.

உராய்வு பொய்யில்லை. கலந்த மருந்துக்கு ஒரு தேய்ப்பு, ஒரு தட்டு, உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் போதும். ஆனால் அது கடைசி நொடி. முந்தைய நாள் காலையிலிருந்து அந்த நொடி வரை அங்கே என்ன நடந்தது என்பதை உராய்வு என்ற சொல் சொல்வதில்லை.

ஒரு காட்சியைப் பாருங்கள். ஆட்கள் எல்லோரும் வந்து சேர்வதற்கு முன்பே, வெயில் ஏறாத வேளையில், அன்றைக்குத் தேவையான மருந்தைக் கலந்துவிடுவார்கள். எவ்வளவு கலப்பது என்று போர்மேன் ஒரு கணக்குப் போடுகிறார். பக்கத்து ஊரில் ஒரு சாவு. மருந்து செலுத்தும் ஆட்களில் மூன்று பேர் வரவில்லை. சாயங்காலம் கலவை மிஞ்சுகிறது. மிஞ்சியதை அன்றே அழித்துவிட வேண்டும் என்பது விதி. காரணம் எளிய வேதியியல். அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால், யாரும் தொடாமலேயே அது தனக்குள் சூடேறிக்கொண்டிருக்கும். ஆனால் அழித்தால் நஷ்டம். அந்த நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் போர்மேன். மூடி வைக்கிறார். ராத்திரி ஒரு தூறல். மறுநாள் காலை ஒரு பெண் அந்த மருந்தில் கை வைக்கிறாள். அறிக்கையில் நாம் எழுதுவது உராய்வு, அலட்சியம். போர்மேன் கைது என்று செய்தி வரும். மருந்தை அழித்தாலும் நஷ்டத்தை உங்கள் தலையில் கட்ட மாட்டோம் என்று அவரிடம் யாராவது எழுதிக் கொடுத்திருந்தார்களா என்று நாம் கேட்பதில்லை.

மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சிவகாசியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி இது. அறையின் சுவரிலேயே பெயின்டில் எழுதியிருக்கும். அந்த எழுத்தின் கீழே ஏழு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதைப் படிப்பறிவின்மை என்று ஒரு கட்டுரை சொல்கிறது. நான் அதை நில விலை என்பேன். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே கட்டாய இடைவெளி விட வேண்டும். நாற்பது பேருக்குப் பத்து அறை. பத்து அறைக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்குப் பார்த்தால், ஐந்தாவது ஆள் ஏன் உள்ளே வந்தார் என்பது விளங்கும். ஆலையை உள்குத்தகைக்கு எடுத்தவருக்குக் கட்டடம் சொந்தமில்லை, தீபாவளிவரைதான் காலம். அறை கட்டுவதைப் பற்றி அவர் நினைக்கக்கூட மாட்டார். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சன்குளத்தில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. தொழிலாளி பக்கமோ எண்ணிக்கைக் கூலி. சீசன் நேரத்தில் வாங்கிய முன்பணத்தைக் கழிக்க வேண்டும். 'இடமில்லை, நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பினால் வருத்தப்படுவது முதலில் அந்தத் தொழிலாளிதான்.

விதியை மதிப்பவர், மதிக்காதவர் என்று ஆட்களைப் பிரித்துக் கருத்துக்கணிப்பு நடத்தியிருக்கிறார் ஓர் ஆய்வாளர். உழைப்பைப் பாராட்டுகிறேன், பிரிவினையை ஏற்கவில்லை. தமிழில் ஒரு வேடிக்கை. சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் ஒரே சொல்தான். ஆலைக்குப் போனால் யாராவது ஒருவர், "போர்டுல எழுதுன விதி வேற, தலையில எழுதுன விதி வேற சார்" என்று கட்டாயம் சொல்வார். கருத்துக்கணிப்பில் அவர் விதிவாதியாகப் பதிவாகிவிடுவார். என்னிடம் அப்படிச் சொன்ன ஒரு பெரியவரை நான் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். வாசலை ஒட்டி, வெளியே பார்த்து, ஒரு காலை மடக்காமல் உட்கார்ந்திருந்தார். மருந்துத் தட்டை நகர்த்துவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டார். விருந்தாளிக்குச் சொல்வது ஒன்று, உடம்புக்குத் தெரிந்தது ஒன்று.

சேலை விஷயமும் அப்படித்தான். பருத்தி உடுத்த வேண்டும், செயற்கை இழையில் நிலைமின்சாரம் சேரும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "எல்லாம் சரி சார். பாலியஸ்டர் சேலை இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கு. பருத்தி அந்த விலைக்கு எங்க கிடைக்கும்?" என்றாள். கையில் இருந்த சாக்பீஸைக் கீழே வைத்தேன். அந்த வகுப்பில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அதிகாரிகள் பக்கமும் சொல்ல வேண்டும். வாசலில் தாமிரத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகுமுன் அதைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்ப வேண்டும். ஓர் ஆலைக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு ஆய்வுக்குப் போனோம். சுவரெல்லாம் புது பெயின்ட். தகட்டின் மேலும் சேர்த்து அடித்திருந்தார்கள். இனி எத்தனை முறை தொட்டாலும் பயனில்லை. எங்களை வரவேற்பதற்காகச் செய்த அலங்காரம் அது. நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் துறையின் லைசென்ஸ் பெற்ற ஆலைக்கு ஒரு துறை, கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் ஆலைக்கு இன்னொரு துறை, தொழிலாளர் நலனுக்கு வேறொரு துறை என்று மாறி மாறிப் போகிறோம். ஒவ்வொருவர் வருகைக்கும் ஒரு பூச்சு.

எல்லாப் பழியையும் கடைசிக் கையின் மேல் போடுவது நமக்கு மட்டுமே உரிய பழக்கமில்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹைன்ரிக் 1931இல் வெளியிட்ட நூலில், விபத்துகளில் 88 விழுக்காடு ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால் நேர்கிறது என்றார். இன்றைய சுருக்கங்களிலும் அந்த எண் மூன்று இடங்களில் தலைகாட்டுகிறது. அது எந்தத் தாள்களிலிருந்து வந்தது? காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும் ஆலை முதலாளிகள் வைத்திருந்த பதிவுகளிலிருந்தும். முதலாளியின் பதிவேட்டில் முதலாளியின் தவறு எத்தனை பக்கம் இருக்கும்?

சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தை நினைத்துப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5. முதல் தீ எழுந்ததும் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சிலர் பார்க்க, சிலர் உள்ளே கிடந்தவர்களைத் தூக்க. அடுத்து வந்த பெருவெடிப்பில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. அவர்கள் மீறிய விதி எது? அலட்சியம் என்ற சொல்லை அவர்கள் பெயருக்கு எதிரே எழுதிப் பாருங்கள், பேனா ஓடாது. தீப்பிடித்த பட்டாசு ஆலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று ஊராருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்வது யார் பொறுப்பு என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு நாளும் அந்த இரண்டு சொற்கள் இல்லாமல் பேசிப் பாருங்கள். உராய்வு என்று வரும் இடத்தில் அதற்கு முந்தைய நேரத்தைச் சொல்லுங்கள். அலட்சியம் என்று வரும் இடத்தில், விதிப்படி நடந்திருந்தால் அன்று யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று ரூபாயில் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன், அமைப்பாளர்கள் பொறுத்தருள வேண்டும். தொழிலாளர்கள் பேசும் அமர்வைச் சாயங்காலம் நான்கு மணிக்கு, கடைசியாக வைத்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பெண்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் போகும் பஸ் மூன்றரைக்கு. அவர்கள் முதலில் பேசுவார்கள். மேடைக்கு வாருங்கள் அம்மா, மைக் சரியாக இருக்கிறது.