நிறமும் மனமும்



சினம் கொண்டவன் முகம் சிவந்தது என்கிறோம். மனம் புண்பட்டவன் முகம் கறுத்தது என்கிறோம். அஞ்சியவன் முகம் வெளிறியது என்கிறோம். கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் நிறத்தை மட்டுமன்றி வெகுளியையும் உணர்த்தும் என்று தொல்காப்பியர் உரியியலில் வகுத்துரைத்தார். உள்ளத்து உணர்ச்சி முகத்தில் நிறமாய்த் தோன்றுவதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அவ்வாறாயின், புறத்தே உள்ள நிறம் அகத்தே புகுந்து மனத்தை மாற்ற வல்லதா? இவ்வினாவையே இன்று உங்களோடு ஆராய விழைகின்றேன்.

செருமானியக் கவிஞர் கேத்தே 1810ஆம் ஆண்டு வெளியிட்ட நிறக் கோட்பாட்டு நூலில், மஞ்சள் உள்ளத்திற்குக் கிளர்ச்சி ஊட்டும் என்றும், நீலம் குளிர்ச்சியும் சோர்வும் தரும் என்றும் எழுதினார். ஆயினும் ஒரு நிறம் எங்கும் ஒரே உணர்ச்சியைத் தருவதில்லை. மேலை நாட்டில் மணமகள் அணிவது வெள்ளை. நம் நாட்டிலோ நெடுங்காலம் அது கைம்மையின் அடையாளமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் நான். தாளில் சிவப்பு மையைக் கண்டதும் மாணவர் முகம் வாடும். அதே சிவப்பு கூறைப்புடவையில் விளங்கும்போது வீடே மகிழும். அச்சுறுத்துவது நிறமன்று, நிறத்தோடு பிணைந்த நினைவே என்பது இதனால் விளங்குமன்றோ?

இனி ஒரு சோதனையைக் காண்போம். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த கடற்படைச் சிறையொன்றில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினர். அதனுள் அடைக்கப்பட்டவர்களின் முரட்டுத்தனம் தணிந்தது என்னும் செய்தி பரவியது; வேறு பல சிறைகளும் அவ்வண்ணத்தை நாடின. பின்னர்ச் சுவிட்சர்லாந்தில் ஆய்வாளர் சிலர், கைதிகளுள் ஒரு சாராரை இளஞ்சிவப்பு அறையிலும் மற்றொரு சாராரை வெள்ளை அறையிலும் வைத்து ஒப்பிட்டனர். நாள்கள் செல்லச் செல்ல இரு சாராரிடத்தும் சினம் தணிந்தது. வண்ணத்தால் வேறுபாடு காணப்படவில்லை. வெள்ளை அறை என்னும் ஒப்பீடு இல்லாதிருந்தால், காலம் செய்த பணியை வண்ணத்தின் கணக்கில் எழுதியிருப்போம்.

எனின், நிறத்திற்கு ஆற்றலே இல்லையோ? உண்டு. நம் விழித்திரையில், பார்வைக்கென்றே அமைந்த அணுக்களேயன்றி, நீல ஒளியை மிகுதியாக உணரும் வேறு சில அணுக்களும் உள்ளன. 2002ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த ஆய்வுகள் இவற்றின் செயலைத் தெளிவாக்கின. இவை பகல் இரவு பற்றிய செய்தியை மூளையில் உள்ள உடற்கடிகாரத்திற்கு அனுப்புகின்றன. இரவில் நீலம் மிகுந்த ஒளி கண்ணில் விழுந்தால், மெலட்டோனின் என்னும் சுரப்பு குறைகிறது, உறக்கம் தள்ளிப்போகிறது. உறக்கம் கெட்டவனுக்கு மறுநாள் எரிச்சலும் சோர்வும் வருவதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் படுக்கையிலே கிடந்தபடி கைப்பேசித் திரையை நெடுநேரம் நோக்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள்.

அன்பர்களே! இந்த நிறச் சட்டை அணிந்தால் தேர்வில் வெற்றி கிட்டும், அந்த வண்ணம் பூசினால் வீட்டில் அமைதி நிலவும் என்று உங்களிடம் கூறுவோர் பலர் இருப்பர். எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், எதனோடு ஒப்பிட்டீர்கள், பிறர் செய்தபோதும் அதே முடிவு கிடைத்ததா என்னும் மூன்று வினாக்களை அவர்களிடம் பணிவோடு கேளுங்கள். விருப்பமான நிறத்தை உடுத்தி மகிழ்வது நன்றே. படிக்க வேண்டிய பாடத்தை அந்நிறத்திடம் ஒப்படைத்துவிட்டு இருப்பதுதான் தீது.