கொய்யாவுக்கும் வேண்டும் கவாத்து

வீட்டுக் கொய்யா மாடி உயரம் வளர்ந்துவிட்டால் பலருக்குப் பெருமை. ஆனால் பழமெல்லாம் எட்டாத உச்சியில் காய்த்து, அணிலுக்கும் கிளிக்கும் போய்விடுகிறது.

கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். பழைய கிளையின் நுனியை வெட்டினால் பக்கத் தளிர்கள் கிளம்பும். அவற்றின் இலைக் கணுக்களில் மொட்டு வரும். அதனால்தான் தமிழ்நாட்டில் பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் கிளை நுனியை 10 முதல் 15 செ.மீ. வரை கவாத்து செய்யச் சொல்கிறார்கள். விறைப்பாக மேலே போகும் கிளையை வெட்ட மனமில்லையா? கயிறு கட்டி வளைத்து, தரையில் முளையடித்துக் கட்டலாம். வளைந்த கிளை கணுவுக்குக் கணு தளிர்க்கும்.

மா அப்படியல்ல. முதிர்ந்த கிளையின் நுனியில்தான் பூங்கொத்து வரும். அறுவடை முடிந்த கையோடு கவாத்தை முடித்துவிட வேண்டும். மார்கழியில் கத்தரி எடுத்தால் அந்த வருஷப் பூ போய்விடும்.

ஒட்டுமரமானால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிர்களை உடனே கிள்ளிவிடுவது அவசியம். விட்டால் வாங்கிய ரகம் நலிந்து, அடிச்செடி மேலோங்கிவிடும்.

எருவையும் தண்ணீரையும் பலர் தண்டடியிலேயே கொட்டுகிறார்கள். வளர்ந்த மரத்தில் உறிஞ்சும் வேர்கள் தண்டைவிட்டு விலகி, கிளைப் பரப்பின் விளிம்புவரை பரவியிருக்கும். அங்கே வட்டப்பாத்தி எடுப்பதே சரி.

கீழே விழுந்த கொய்யாவைப் பிளந்து பாருங்கள். வெண்புழுக்கள் நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அந்தப் புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகக் கிளம்பும். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.