ஓடம் தவறிய இரவு

வாவியின் இரு கரையிலிருந்தும் வந்து இந்தக் குளிர்தேசத்து மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்திருக்கும் மட்டக்களப்பு உறவுகளே!

மறைந்தவர்களுக்காகச் சற்றுமுன் ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். என் மாமாவை மட்டும் என்னால் மௌனமாக நினைக்க முடியவில்லை. சேர்ந்தாற்போல் ஒரு நிமிடம் வாய் மூடியிருந்த மனிதர் அல்ல அவர்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம், படுவான்கரையார். பட்டணத்துக்குப் படம் பார்க்க வருவதென்றால் மண்முனைத் துறையில் ஓடம் ஏற வேண்டும். அங்கே பாலம் வந்ததே 2014இல்தான். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ எங்கள் பக்கம் வந்தபோது மாமா வயலை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். மன்னனும் நாடோடியும் எம்.ஜி.ஆரே, இயக்கமும் அவரே. படம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். முடிந்து துறைக்கு வந்தால் ஓடம் அக்கரையில். மணலில் படுத்தபடி, “மறுகா என்ன நடந்த தெரியுமா?” என்று விடியும்வரை கூட வந்தவர்களுக்குக் கதை சொன்னாராம். அவர்களும் அதே படத்தைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்!

வாள் அவருக்குப் புதிதல்ல. கூத்தில் ராசா கட்டியவர். வட்டக்களரியில் சதங்கையோடு, மத்தளத்துக்கும் சல்லரிக்கும் ஆடி வரவு கொடுத்த ராசா. சினிமா ராசா குதிரையில் வந்தான், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். படங்களுக்குள் கட்சி அரசியல் தேடினார்கள். மாமா ஆட்டக்காரன் கண்ணால் பார்த்தார். நம்பியார் வாள் வீசினால், “இடக்கால், இடக்கால்!” என்று இருக்கையிலிருந்தே திருத்துவார்.

மாமாவின் தாய், எங்கள் பெத்தா, வேறு கட்சி. அவவுக்கு ஜெமினி கணேசன்தான் ராசா. ‘வஞ்சிக்கோட்டை வாலிபனில்’ பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டியில் யார் வென்றது என்று படம் சொல்லாது. பெத்தா சொல்லுவா: பத்மினி. சாகும்வரை தீர்ப்பை மாற்றவில்லை. அந்த இடத்தில் வீரப்பா சொல்லும் “சபாஷ், சரியான போட்டி!” என்ற ஒற்றை வசனத்தை, மகள்மார் கிணற்றடியில் வாய்ச்சண்டை பிடிக்கும்போதெல்லாம் எடுத்துவிடுவா.

இந்த ராசா படங்கள் பெரிய கலைப்படைப்புகள் என்று வாதாட நான் வரவில்லை. எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று தெரியாத அரண்மனைகள், அட்டைத் தூண்கள், ஒருவர் மட்டும் பத்துப் பேரை வெட்டுவார், தலைமுடி கலையாது. எனக்குப் பிடிக்கும்.

மாமாவின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையோடு பெட்டியையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை இந்த மண்டபத்தில் நான் எண்ணிச் சொல்லத் தேவையில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தக்குளத்தில் அவர் பேர் சொல்லி முழுக இனி எப்போது வாய்க்குமோ. ஆனால் எம்.ஜி.ஆர். வாளை உருவும்போது அந்த “இடக்கால்” எனக்குக் காதருகில் கேட்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு இதே திரையில் ‘நாடோடி மன்னன்’ போடுகிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதியில் எழும்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டு மாமாவும் பெத்தாவும் எந்த இடத்தில் கைதட்டினார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். கடைசி ஓடம் போய்விடும் என்று இங்கே யாரும் பயப்பட வேண்டியதில்லை.