புற்றுக்குப் பால், பாம்புக்குத் தடி!



கூட்டத்திற்கு முன் சில தோழர்கள் நம்மிடம், "கொல்லையில் நாயும் கோழியும் வளர்க்கிறோம்; பாம்பும் வருகிறது; அதை அடிப்பதா, கும்பிடுவதா?" என்று கேட்டார்கள். இரண்டும் வேண்டாம் என்பதே நமது பதில். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் வார்த்த அதே கை, சனிக்கிழமை அடுப்பங்கரையில் பாம்பைக் கண்டால் தடியெடுக்கிறதே, இது என்ன பக்தி? புற்றிலிருக்கும்வரை நாகாத்தம்மன், நடைக்கு வந்தால் சனியனா?

அந்தப் புற்றும் கறையான் கட்டியதே. பாம்பு எலியைத் தேடி வந்து, கிடைத்த பொந்தில் தங்குகிற பிராணி. பால் அதன் ஆகாரமல்ல. அதற்கு வெளிக்காது கிடையாது; மகுடிக்கு ஆடுவதாக நீங்கள் நினைப்பது, எதிரில் அசையும் குழலைப் பார்த்துப் படமெடுத்து நிற்பதேயாகும். பழி வாங்கும், ரத்தினம் கக்கும் என்பதெல்லாம் வெறுங்கதை. சாரைக்கு விஷமே இல்லை. எலியைத் தின்று நம் நெல்லைக் காக்கும் அதை, நல்லபாம்பின் புருஷன் என்று சொல்லி அடித்துக் கொல்லுகிறார்கள்! 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றமுமாகும்.

சரி, எலி ஏன் வருகிறது? நாய் மிச்சம் வைத்த சோறும் கோழிக்கு இறைத்த நொய்யும் இரவெல்லாம் கிடந்தால் வராமல் என்ன செய்யும்? பாலுக்குச் செலவிடும் காசில் கோழிக்கூண்டுக்கு நெருக்கமான கம்பிவலை அடியுங்கள். விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரோரம் குவிக்காதீர்கள். நாய் ஒரே மூலையைப் பார்த்துக் குரைத்தால், அதை உசுப்பிவிடாமல் உள்ளே அழைத்துக் கட்டிவிட்டு, எட்ட நின்று பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கிறது. பலருக்கு வலிகூடத் தெரிவதில்லை. ஆகவே கட்டிலும், விளிம்பைச் செருகிய கொசுவலையும் வேண்டும். கட்டில் வாங்க வக்கில்லாதவனுக்கு நாகதோஷப் பரிகாரத்திற்கு மட்டும் எப்படியோ கடன் கிடைத்துவிடுகிறது!

கடித்துவிட்டால் மந்திரக்காரனிடம் ஓடுகிறார்கள். அவன் மந்திரித்துப் பிழைத்தவர் இல்லையா என்பீர்கள். உண்டு. விஷமில்லாத பாம்பு கடித்தவனும், விஷப்பாம்பு கடித்தும் உடம்பில் விஷம் ஏறாதவனும் மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பிழைத்தால் மந்திரத்தின் மகிமை, செத்தால் அவன் விதி! இரண்டு பக்கமும் லாபமுள்ள இப்படிப்பட்ட வியாபாரம் வேறு உண்டா? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. கடிவாயை வெட்டாமல், உறிஞ்சாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் ஆசுபத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். நாய்க்கும் அப்படியே. மனிதனுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் கால்நடை ஆசுபத்திரியிலும் போடுகிறார்கள்.

அம்மருந்து எங்கிருந்து வருகிறது? பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்துச் செய்கிறார்கள். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் அதற்கு விஷம் எடுத்துக் கொடுத்து வருகிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. கடிபட்டுக் கிடந்த எந்த உயர்சாதிக்காரனாவது, இருளன் கைபட்ட மருந்து எனக்கு வேண்டாம் என்று சொன்னதுண்டா? பிழைத்தெழுந்த பிறகு ஓர் இருளனைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தானா என்பதையும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.